முதல் மணி முதல் கடைசி மணி வரை: முழுநேரப் பள்ளிக்கான பெற்றோர் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, மாவட்ட ஆட்சியர், எங்கள் பிள்ளைகளின் பெயர் பதிவேட்டில் இருக்கும் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள், தாளாளர்கள், வாக்குக் கேட்டு எங்கள் தெருவுக்கு வரும் எல்லாக் கட்சியினர்.

அனுப்புநர்: திருப்பூர் மாவட்டத்தில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், வலிப்பு, கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளை வளர்க்கும் அம்மாக்கள், அப்பாக்கள், அம்மாயிகள், அப்பத்தாக்கள்.

எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவே மாட்டோம் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன காலம் அரசுப் பள்ளிகளைப் பொறுத்தவரை ஓரளவு மலையேறிவிட்டது. இப்போது சேர்த்துக்கொள்கிறார்கள். பள்ளிப் பதிவுக்கான எமிஸ் எண் கிடைக்கிறது. புத்தகம், சீருடை, செருப்பு எல்லாம் வந்துவிடுகின்றன. ஜூன் மாதம் பாதி கழிவதற்குள் போன் வருகிறது.

“பாப்பா அம்மாங்களா? ஸ்கூல்ல இருந்து டீச்சர் பேசறனுங்க. இன்னிக்கு ரொம்ப அழுகறாங்க. கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போயிருங்க.”

போகிறோம். மறுநாளும் போன் வருகிறது. ஜூலை பிறந்தபின் போனும் வருவதில்லை. பதினொன்றரைக்குப் பள்ளி வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது எங்களுக்கும் பழகிவிடுகிறது, அவர்களுக்கும் பழகிவிடுகிறது. இதற்கு எந்த ஆணையும் இல்லை. எந்தத் தாளிலும் எவரும் கையெழுத்துப் போடவில்லை. மேல்முறையீடு செய்யலாம் என்றால், முடிவு என்று ஒன்றை யாருமே எடுக்கவில்லை என்கிறார்கள். குழந்தை மட்டும் தினமும் பாதிப் பள்ளியோடு வீடு திரும்புகிறது.

இந்தச் சாசனம் அந்த அரை நாளைப் பற்றியது. எங்களுக்கு வேறு குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்வோம். ஆனால் முதலில் கேட்பது மற்ற பிள்ளைகளுக்குக் கேட்காமலே கிடைப்பதைத்தான்: முதல் மணி அடித்ததிலிருந்து கடைசி மணி அடிக்கும்வரை பள்ளிக்கூடம்.

அரை நாளில் என்னென்ன போகிறது

முதலில் கணக்கு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல். ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள், 1,000 மணி நேரம் என்று அதன் அட்டவணை சொல்கிறது. ஒன்பதரைக்கு வந்து பதினொன்றரைக்குப் போகும் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தாலும் கிடைப்பது 400 மணி நேரம். அதிலும் பிரேயர், வருகைப் பதிவு, தண்ணீர் குடிக்கும் இடைவேளை போக மிச்சத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு முடியும்போது மற்ற பிள்ளைகள் ஐந்து வருடம் படித்திருப்பார்கள், எங்கள் பிள்ளை இரண்டரை வருடம் படித்திருக்கும். அப்போது, “இவனுக்கு எதுவுமே ஏற மாட்டேங்குதுங்க” என்று எங்களிடமே சொல்வார்கள்.

இந்தக் குறை எந்தக் கணினியிலும் தெரியாது. வருகை காலையிலேயே ஏறிவிடுகிறது, பதினொன்றரைக்குப் போனது எங்கும் ஏறுவதில்லை. சென்னையில் உட்கார்ந்து திரையைப் பார்க்கும் அதிகாரிக்கு எங்கள் பிள்ளை நாள் முழுக்க வகுப்பில் இருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் காட்டப்படுவது அதுதான்.

அடுத்தது சோறு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. “பிரேயர்ல சத்தம் போடறான், பத்து மணிக்கு மேல கூட்டிட்டு வாங்க” என்று சொல்லப்பட்ட பையனுக்குப் புதன்கிழமைப் பொங்கல் கிடையாது. பதினொன்றரைக்குக் கிளம்புகிறவனுக்குச் சத்துணவும் இல்லை, முட்டையும் இல்லை. பசியை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. எங்களில் ஒருவரின் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். வீட்டில் என்ன சொல்லியும் சாப்பிட்ட தட்டை எடுக்க மாட்டாள். சத்துணவு வரிசையில் நிற்க ஆரம்பித்து, முன்னால் இருக்கும் பிள்ளையின் முதுகைப் பிடித்தபடி குழாயடி வரைக்கும் போய், அந்தப் பிள்ளை செய்வதைப் பார்த்துத் தானும் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எந்தத் தெரபியும் அதைச் சொல்லித் தரவில்லை. மதிய இடைவேளைதான் எங்கள் பிள்ளைகளின் முக்கியமான பாடவேளை. அதற்குமுன் அனுப்பிவிடுகிறார்கள்.

பிறகு சம்பளம். இது பனியன் ஊர். செக்கிங், பேக்கிங், கைமடி என்று பெண்கள் இல்லாமல் ஒரு பீஸ்கூட கப்பலேறாது. வேலை ஷிப்ட் கணக்கில், சம்பளம் சனிக்கிழமை கணக்கில். எட்டரைக்கு உள்ளே போனவள் பதினொன்றே காலுக்கு வெளியே வருகிறேன் என்றால், எந்த சூப்பர்வைசரும் இரண்டாவது நாள் கேட்டைத் திறந்து வைத்திருக்க மாட்டார். ஆகவே அம்மா வேலையை விடுகிறாள். எங்களில் பெரும்பாலோர் அப்படி விட்டவர்கள். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் ரூ.2,000. அது வரும்போது நன்றியோடுதான் வாங்கிக்கொள்கிறோம். ஆனால் பள்ளிக்கூடம் முழு நாள் நடந்திருந்தால் அந்தத் தொகையை அவள் சில நாட்களிலேயே சம்பாதித்திருப்பாள்.

ஆசிரியர்கள் மேல் கோபமில்லை என்று எழுதுவது இத்தகைய மனுக்களில் ஒரு சம்பிரதாயம். எங்களுக்குச் சிலர் மேல் கோபம் உண்டு. ஆனால் ஈராசிரியர் பள்ளியின் நிலைமையும் எங்களுக்குத் தெரியும். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான் என்பது சட்டம் வகுத்த கணக்கு. ஐந்து வகுப்பு, இரண்டு பேர், அதில் ஒருவர் தலைமையாசிரியர், அவர் பாதி நாள் பதிவேட்டிலும் செயலியிலும் இருப்பார். மிச்சமிருக்கும் ஒருவர், ஓடுகிற பிள்ளையைப் பிடிப்பாரா, ஒன்றாம் வகுப்புக்கு அ எழுதிப் போடுவாரா? அவர் போன் எடுப்பது கொடுமையால் இல்லை, வேறு வழியில்லாததால். அந்த வழியை உண்டாக்க வேண்டியவர்களைத்தான் இங்கே கேட்கிறோம்.

1. எழுத்தில் இல்லாத அரை நாள் இனி செல்லாது

ஒரு குழந்தையின் பள்ளி நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று பள்ளி நினைத்தால், அதை எழுத்தில் தர வேண்டும். என்ன காரணம், என்றிலிருந்து என்றுவரை, அதற்குள் முழு நேரத்துக்குக் கொண்டுவர என்ன ஏற்பாடு, அதற்கு யார் பொறுப்பு என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். பெற்றோர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் மட்டுமே அது நடப்புக்கு வர வேண்டும். நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போக வேண்டும். நான்கு வாரத்துக்குமேல் எந்தக் குறைப்பும் மறு ஆய்வு இல்லாமல் தொடரக் கூடாது.

வருகைச் செயலியில் ‘பள்ளி கேட்டுக்கொண்டதால் முன்னதாக அனுப்பப்பட்டார்’ என்று ஒரு கட்டம் சேருங்கள், நேரத்தோடு. ஒரு கட்டம்தான். அது மட்டும் வந்துவிட்டால் அடுத்த மாதமே மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பள்ளிகள் என்பது உங்கள் திரையிலேயே தெரிந்துவிடும். இந்தச் சாசனத்தில் செலவே இல்லாத கோரிக்கை இது. மறுக்கப்படுமானால் முதலில் மறுக்கப்படுவதும் இதுவாகத்தான் இருக்கும் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள்.

இதில் எங்களுக்குள்ளேயே ஒரு கருத்து வேறுபாடு இருந்தது. இரவெல்லாம் தூங்காத பிள்ளை, வலிப்பு மாத்திரையால் மதியம் தலை சாய்ந்துவிடும் பிள்ளை, இவர்களை நாலு மணிவரை உட்கார வைப்பது கொடுமை இல்லையா என்று இரண்டு அம்மாக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முழு நாள் என்பது எங்களுக்கு உரிமை, பிள்ளைக்குத் தண்டனை ஆகிவிடக் கூடாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வகுப்பின் ஒரு மூலையில் பாயும் தலையணையும் போதும். அரை மணி படுத்து எழுந்தால் மதியப் பாடவேளைக்கு இருக்கும். வீட்டுக்கு அழைத்துப் போவதா இல்லையா என்பதைப் பெற்றோர் சொல்லட்டும், பள்ளி சொல்ல வேண்டாம்.

2. வீட்டுவழிக் கல்வி எங்கள் விருப்பம், பள்ளியின் வசதி இல்லை

2012இல் கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கற்பதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது அது. தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைக்குத் தரப்பட்டது. நடப்பில் என்ன ஆகிறது? பள்ளியால் சமாளிக்க முடியாத பிள்ளைகளின் பெயர் எங்களைக் கேட்காமலே வீட்டுவழிப் பட்டியலுக்குப் போகிறது. பிறகு சிறப்பாசிரியர் வாரத்தில் ஒரு நாள் வண்டியில் வந்து, ஒரு மணி நேரம் மணிகளைக் கோக்கவும் வண்ணம் தீட்டவும் வைத்துவிட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் போகிறார். அவரும் பாவம், அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

மாவட்டத்தில் வீட்டுவழிப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். பெற்றோர் எழுதிக் கொடுத்த விருப்பக் கடிதம் கோப்பில் இல்லாத பிள்ளைகள் எல்லோரும் அடுத்த கல்வியாண்டு பள்ளிக்குத் திரும்ப வேண்டும்.

3. சிறப்பாசிரியர்கள்: நிரந்தரமாக, பள்ளியிலேயே

இதைப் பற்றி நீதிமன்றம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது. பொதுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர்களுக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் ஒன்றிய அரசு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைத் திருத்தியது. அதன்படி தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், ஆறு முதல் எட்டு வரை 15 பேருக்கு ஒருவர் வேண்டும். பணியிட எண்ணிக்கையை அறிவிக்கச் சொல்லி 2025 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட்டது.

எங்கள் வட்டாரத்தில் சிறப்பாசிரியர்கள் வட்டார வள மையத்தில் இருந்துகொண்டு, ஒன்றிய அரசின் பணமும் மாநிலத்தின் பணமும் சேர்ந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், தொகுப்பூதியத்தில், பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறார்கள். ஒரு பிள்ளை ஒருவரிடம் பழகிக் கண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கும்போது அவரை வேறு குறுவள மையத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஆள் மாறுவது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்க மாட்டார்கள்.

இதற்குள் இன்னொரு சண்டை. ஒன்றிய அரசின் பிஎம்ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை என்பதால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2024–25ஆம் ஆண்டுக்கான பணத்தை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. தர வேண்டியதை வட்டியோடு சேர்த்து ரூ.2,291 கோடியாகக் கேட்டு மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்று எங்களுக்கும் ஒரு கருத்து உண்டு, அதை இங்கே சொல்லவில்லை. இங்கே கேட்பது ஒன்று. சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர், உதவியாளர் ஆகியோரின் சம்பளம் எந்தத் திட்ட நிதியையும் நம்பி இருக்கக் கூடாது. மாநில வரவு செலவுத் திட்டத்தில் அதற்குத் தனித் தலைப்பு வேண்டும். டெல்லியோடு எத்தனை வருடம் வேண்டுமானாலும் வழக்காடுங்கள், பிள்ளைகளுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

பத்துக்குக் குறைவான பிள்ளைகள் இருக்கும் பள்ளிகளில் இரண்டு மூன்று பள்ளிகளைச் சேர்த்து ஒருவரைப் போடலாம். ஆனால் ஒரே ஆள், குறைந்தது மூன்று வருடம்.

4. கழிப்பறை, மதில், ஒரு ஆயா

முழு நாள் வைத்துக்கொள்ள முடியாது என்பதற்குப் பள்ளிகள் எங்களிடம் வெளிப்படையாகச் சொல்லும் காரணம் படிப்பு. உண்மையான காரணம் ஜட்டி. பதினொன்றரைக்குமேல் வைத்திருந்தால் ஒருமுறையாவது கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டும், கழுவிவிட வேண்டும், சில நாள் மாற்றிவிட வேண்டும். ஆசிரியர் செய்ய மாட்டேன் என்கிறார், துப்புரவுப் பணியாளர் என் வேலை இல்லை என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவருக்குத் தரும் சம்பளத்தைப் பார்த்தால்.

ஆகவே சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பராமரிப்பு உதவியாளர் வேண்டும். நாங்கள் ஆயா என்றே சொல்கிறோம். ஊரிலேயே ஒரு பெண்ணை எடுத்துப் பயிற்சி கொடுங்கள், குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி சம்பளம் கொடுங்கள். சத்துணவு அமைப்பாளர் தலையில் இதையும் ஏற்றி, ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஒரு சுற்றறிக்கை விட்டுவிடாதீர்கள்.

கழிப்பறையில் கைப்பிடியோடு உட்காரும் வகை இருக்கை ஒன்று, தண்ணீர் வரும் குழாய், உள்ளே சக்கர நாற்காலி திரும்பும் அகலம், மாற்றுத்துணி வைக்க ஒரு அலமாரி வேண்டும். சாய்தளம் கட்டிவிட்டுக் கழிப்பறை வாசலில் இரண்டு படி வைத்திருக்கும் பள்ளிகள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. ஆய்வுக்கு வருபவர்கள் சாய்தளத்தைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்படும் பெண்கள் எங்கள் வீடுகளில்தான் அதிகம். மாதவிலக்கு நாளில் நாப்கின் மாற்றிவிட ஆளில்லை என்ற ஒரே காரணம். அரசு பள்ளிகளில் நாப்கின் இலவசமாகத் தருகிறது, மாற்றிவிடும் கை இல்லை. ஆயா பெண்ணாக இருக்க வேண்டும் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதற்காக.

அப்புறம் மதில். வகுப்பை விட்டு ஓடும் பிள்ளையை வைத்துக்கொள்ள ஆசிரியர் பயப்படுகிறார். பள்ளிக்கு எதிரே பஸ் போகும் ரோடு இருந்தால் நாங்களும் பயப்படுவோம். சுற்றுச்சுவரும் தாழ்ப்பாள் உள்ள கேட்டும் இருக்கும் பள்ளியில் அதே பிள்ளை வேப்பமரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் தானாக வகுப்புக்கு வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறோம். ஓடும் பிள்ளைக்காக அறைக் கதவைப் பூட்டுவதும், பெஞ்சோடு கட்டுவதும், தனி அறையில் விடுவதும் எந்தப் பெயரில் நடந்தாலும் தண்டனைதான். அதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. இப்படி நடந்தால் பேச்சுவார்த்தை கிடையாது, நேராகப் புகார்தான்.

5. வலிப்பு வந்தால் இரும்புச் சாவி வேண்டாம்

ஒவ்வொரு பள்ளியிலும் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு மணி நேரப் பயிற்சி போதும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே தரலாம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலைக்கடியில் துணி வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குமேல் போனால் 108ஐ அழைக்க வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த மூக்கு ஸ்பிரே இருந்தால் அதை அடிக்க வேண்டும். அந்த மருந்தைப் பள்ளியில் வைத்துக்கொள்ளவும் கொடுக்கவும் ஆசிரியருக்குத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இப்போது, ‘ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது’ என்ற பயத்தில் மருந்தை எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வலிப்பு வரும்போது ஆபீஸ் ரூம் சாவிக்கொத்தைத் தேடுகிறார்கள்.

6. வண்டியும் தெரபியும்

பள்ளிக்கு வந்துபோகப் போக்குவரத்து, தேவைப்பட்டால் துணைக்கு வருபவருக்கும் சேர்த்து: இது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் இருக்கிறது. பயணப்படியும் துணையாளர் படியும் மாதாமாதம் கணக்கில் ஏற வேண்டும். ஆட்டோக்காரருக்கு நாங்கள் வருடக் கடைசியில் கொடுப்பதில்லை.

இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் வள மையத்தில் பள்ளி நேரத்திலேயே வைக்கப்படுகின்றன. நடக்கப் பழகுவதற்காகப் படிப்பை விட வேண்டியிருக்கிறது. பயிற்சி பள்ளிக்கு வரட்டும், அல்லது மாலை நாலரைக்குமேல் நடக்கட்டும்.

7. தனியார் பள்ளிகளுக்கு

அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவானாலும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே. பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளைக்குத் தேவையான மாற்றங்களைச் செய்து தர வேண்டும். சீட் முடிந்துவிட்டது என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விண்ணப்பம் கொடுக்கும் பள்ளிகளைப் பற்றி இங்கே பெயர் சொல்லாமல் விடுகிறோம்.

சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளிலும் ஒரு நிபந்தனை வந்துவிட்டது: ‘ஷேடோ டீச்சரை நீங்களே ஏற்பாடு பண்ணிக்குங்க.’ அதாவது பள்ளிக்கு ஒரு ஃபீஸ், பள்ளியின் வேலையைச் செய்பவருக்கு நாங்கள் தரும் சம்பளம் இன்னொன்று. அந்த டீச்சர் ஒரு நாள் வராவிட்டால் அன்று பிள்ளைக்கும் பள்ளி கிடையாது. துணை ஆசிரியர் தேவை என்றால் அது பள்ளியின் பொறுப்பு, பள்ளியின் செலவு என்று அரசு ஆணை வெளியிட வேண்டும். ஏழைக் குழந்தைகளுக்கான 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் மாற்றுத்திறன் குழந்தைகளும் அடங்குவர் என்பது 2012 திருத்தம். அந்த இடங்களில் சேர்ந்த எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பள்ளிவாரியாக வெளியிடுங்கள்.

8. அட்டையைக் கேட்டுக் காக்க வைக்காதீர்கள்

2016ஆம் ஆண்டுச் சட்டத்தில், இலவசக் கல்விக்கு 18 வயது வரை உரிமை தரும் 31ஆம் பிரிவு 40 விழுக்காடு குறைபாடு உள்ளவர்களுக்கானது. ஆனால் பாகுபாடு காட்டக் கூடாது, ஆதரவு தர வேண்டும் என்ற 16ஆம் பிரிவுக்கு விழுக்காட்டுக் கணக்கு இல்லை. இதைத் தெரிந்தோ தெரியாமலோ, தனித்துவ அடையாள அட்டை வந்த பிறகு பார்க்கலாம் என்று பள்ளிகள் மாதக்கணக்கில் தள்ளுகின்றன. அட்டை வருவதற்குள் ஒரு கல்வியாண்டு போய்விடுகிறது.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே நிட்டிங்கிலும் டையிங்கிலும் உழைக்கும் குடும்பங்களில் எங்களைப் போன்ற பெற்றோர் உண்டு. அவர்கள் சார்பாகவும் பேசுகிறோம், அவர்களுக்கு மனு எழுதித் தர ஆளில்லை. அந்த அட்டை நாடு முழுவதும் செல்லும். ஊரில் வாங்கிய அட்டையை இங்கே ஏற்றுக்கொள்ள வேண்டும், புதிதாக எடுக்கச் சொல்லி ரயிலேற்றக் கூடாது.

பதினாறு வயதில் எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையிடம் ‘வயசு தாண்டிடுச்சு’ என்று சொல்வதையும் நிறுத்த வேண்டும். பதினெட்டு வரைக்கும் தாண்டவில்லை.

9. தேர்வுச் சலுகை

சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் அரசாணையில் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்து, விண்ணப்பிக்கும் தேதி போன பிறகுதான் எங்களுக்குச் சொல்லப்படுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே எல்லாத் தேர்வுகளிலும் இவை நடைமுறையில் இருக்கட்டும். எழுதுபவரோடு பழகாத பிள்ளை பொதுத்தேர்வன்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

10. புகார் கொடுத்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்?

இதுதான் எங்கள் வாயை அடைத்து வைத்திருக்கும் கேள்வி. ஒவ்வொரு அரசு அமைப்பிலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரைப் பதிந்த இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு; அது வேலை தொடர்பான புகார்களுக்காக எழுதப்பட்டது, பள்ளிப் புகார்களுக்கும் அதே ஏற்பாடு வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை ரூ.10,000 வரை, அடுத்தடுத்து ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரை அபராதம் என்கிறது 89ஆம் பிரிவு. இவை புத்தகத்தில் உள்ளவை. பள்ளிக் கல்வித் துறையின் குறைதீர் அலுவலர் யார், எந்த அறையில், எந்த எண்ணில் என்று ஒவ்வொரு பள்ளித் தகவல் பலகையிலும் எழுதிப் போடுங்கள். புகார் கொடுத்த பெற்றோரின் பிள்ளையை அந்தக் கல்வியாண்டு முழுக்கக் குறைதீர் அலுவலர் மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கூட்டம் நடக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஒருவர் எப்படி வருவார்?

இனி செய்யப்போவது

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் இந்தச் சாசனத்தை ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குவோம். பதில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக வேண்டும்: முடியும் அல்லது முடியாது; முடியும் என்றால் யார், எந்தத் தேதிக்குள்; முடியாது என்றால் எந்த விதியின்படி. ‘ஆவன செய்யப்படும்’, ‘அரசின் பரிசீலனையில் உள்ளது’ என்ற இரண்டு வாக்கியங்களையும் பதிலாக ஏற்க மாட்டோம். அவை எங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

பதில் வரும்வரைக்கும் சும்மா இருக்கப்போவதில்லை. பள்ளி திறக்கும் நாளிலிருந்து, பிள்ளையை வந்து அழைத்துப் போகச் சொல்லி போன் வந்தால் போவோம். பிள்ளையின் கையைப் பிடிப்பதற்கு முன் தலைமையாசிரியரிடம் ஒரு சீட்டை நீட்டுவோம். அதில் இருப்பது இவ்வளவுதான்: ‘இன்று ____ தேதி, ____ மணிக்கு, பள்ளி கேட்டுக்கொண்டதால் ____ஆம் வகுப்பு மாணவர்/மாணவி ____ஐ அழைத்துச் செல்கிறேன். காரணம்: ____. பெற்றோர் கையொப்பம். தலைமையாசிரியர் கையொப்பம்.’ இரண்டு நகல் இருக்கும். கையெழுத்துப் போட்டுத் தந்தால் வாங்கிக்கொண்டு போவோம். போட மறுத்தால், ‘மறுத்தார்’ என்று அதிலேயே எழுதி அன்று மாலையே முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புவோம். சீட்டுகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி அச்சடித்து வைத்திருக்கிறோம். தமிழ் எழுதத் தெரியாத அப்பா அம்மாக்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் அடிக்கக் கொடுத்திருக்கிறோம்.